நேரத்துடன் வாங்குங்கள்: ஒரு நத்தார் அறிவுரையின் வரலாறு

2020ஆம் ஆண்டின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குலகப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் ஓர் அறிவுரையைத் திரும்பத் திரும்பக் கண்டிருப்பர். நத்தார்ப் பரிசுகளை இவ்வாண்டு நேரத்துடன் வாங்கி வையுங்கள், இறுதி வாரம்வரை காத்திராதீர்கள், கையிருப்பைப் பார்த்து அளவோடு செலவிடுங்கள் என்பதே அது. காரணத்தை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அயர்லாந்தில் ஒக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முடியும்வரை அத்தியாவசியமற்ற கடைகள் மூடப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் திகதி தொடக்கம் நான்கு வாரங்களுக்கு அதே நிலை. வேல்ஸில் ஒக்டோபர் 23 முதல் நவம்பர் 9 வரை நடைமுறையிலிருந்த முடக்கத்தின்போது, திறந்திருந்த பல்பொருள் அங்காடிகள்கூட உணவும் மருந்தும் போன்ற அவசியப் பொருள்களையே விற்கலாம் என விதிக்கப்பட்டது. உடைகளும் விளையாட்டுப் பொருள்களும் அடுக்கப்பட்டிருந்த தட்டுகளை பிளாஸ்டிக் விரிப்புகளால் மூடி, குறுக்கே நாடா கட்டிவைத்திருந்த காட்சியைப் படங்களில் பலரும் பார்த்திருப்பர். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொம்மையைக் காசு கொடுத்து வாங்க முடியாத அந்நிலை, குழந்தைகளுக்கு எவ்வாறு விளங்கியிருக்குமோ தெரியாது.

அந்த அறிவுரை கொள்ளைநோயுடன் பிறந்தது எனப் பலர் எண்ணினர். உண்மையில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. அது பிறந்த வேளையில், நேரத்துடன் வாங்குபவருக்கு என்ன இலாபம் என்ற பேச்சே அதில் இருக்கவில்லை. கடையின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர்களுக்காக எழுந்த குரல் அது. இடையில் ஒரு பெரும்போரும் ஒரு பெருங்கொள்ளைநோயும் வந்து அதன் பொருளை மாற்றின. அந்த மாற்றத்தின் கதை இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

கதை தொடங்குவது நியூயோர்க் நகரின் பெரும் பல்பொருள் கடைகளில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அக்கடைகள் மாளிகைகள் போல எழுந்தன. அவற்றின் கண்ணாடி மேசைகளுக்குப் பின்னால் நின்று பணிபுரிந்தோரிற் பெரும்பாலானோர் இளம்பெண்கள். அலிஸ் வூட்பிரிட்ஜ் என்ற பெண்மணி அவர்களின் வேலை நிலைமையை ஆராய்ந்து தயாரித்த அறிக்கை 1890ஆம் ஆண்டு ஒரு பொதுக்கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. நீண்ட வேலைநேரம், அற்ப சம்பளம், சிறு தவறுக்கும் தண்டப்பணம், நாள் முழுவதும் உட்காரவிடாமல் நிறுத்திவைத்தல் என்பன அதிற் கூறப்பட்டிருந்தன. விளைவாக, மறு ஆண்டில் ஜோசபின் ஷோ லோவெல் தலைமையில் நியூயோர்க் நுகர்வோர் கழகம் உருவாயிற்று.

அக்கழகத்தின் உபாயம் எளிமையானது, ஆனால் அக்காலத்திற்குப் புதியது. சிப்பந்திகளை நியாயமாக நடத்தும் கடைகளின் பெயர்களை 'வெள்ளைப் பட்டியல்' என்ற பெயரில் வெளியிட்டு, அங்கேயே பொருள் வாங்குமாறு பெண்களைக் கேட்டுக்கொண்டது. நியாயமான கடை என்பதற்கு அது வகுத்த அளவுகோல் இன்றைய கண்ணுக்கு மிகத் தாழ்ந்ததாகவே தோன்றும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வேலை, மதிய உணவுக்கு முக்கால் மணிநேரம், அனுபவமுள்ளவருக்கு வாரத்துக்கு ஆறு டொலர், பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்காமை. இவ்வளவு தாழ்ந்த படியைக்கூட எட்டிப் பிடித்து முதற் பட்டியலில் இடம்பெற்ற கடைகள் எட்டே எட்டு!

வருடம் முழுவதும் வாடிய அப்பெண்களுக்கு டிசெம்பர் மாதம் நரகமாகவே இருந்தது. நத்தார்க் கூட்டத்துக்காகக் கடைகள் இரவு வெகுநேரம்வரை திறந்திருந்தன. மேலதிக நேரத்துக்குப் பல கடைகள் சம்பளம் கொடுப்பதில்லை. 1896இல் நியூயோர்க் மாநிலம் கடைச் சிப்பந்திகளுக்கென ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. இருபத்தொரு வயதுக்குட்பட்ட பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் வாரமொன்றுக்கு அறுபது மணித்தியாலத்துக்கும் மேல் வேலைசெய்யக் கூடாதென அது விதித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கும் இருந்தது. டிசெம்பர் 15 தொடக்கம் ஆண்டு முடியும்வரை அந்தக் கட்டுப்பாடு செல்லாது! மழைக்காலம் தவிர்ந்த ஏனைய நாள்களிற் குடை பிடிக்கலாம் என்று சொன்னதற்கு ஒப்பானது இச்சட்டம். தொழிற் சட்டங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பாதுகாப்பு மிகவும் வேண்டப்படும் இடத்திலேதான் விதிவிலக்கு வந்து அமர்ந்துகொள்கிறது.

சட்டம் விட்ட இடைவெளியை வாங்குவோரின் மனச்சாட்சி நிரப்பவேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் உருப்பெற்றது. அதனை நாடளாவிய இயக்கமாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் புளோரன்ஸ் கெலி. இலினோய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராக 1893இல் நியமனம் பெற்றவர், 1899 முதல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச்செயலாளர். 1903 டிசெம்பரில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, புனிதமான பண்டிகை தொழிலாளர்களுக்கு எவ்வாறு கேலிக்கூத்தாகிவிட்டது என்பதை எடுத்துக் காட்டிற்று.

கெலியும் அவரது தோழியரும் கடைப்பெண்களுடன் நின்றுவிடவில்லை. பரிசு ஒன்று கைமாறுவதற்கு முன் அது கடந்துவரும் கைகள் அனைத்தையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். இனிப்புத் தொழிற்சாலைகளில் இரவிரவாக வேலை, அவ்வினிப்புகளை இடும் காகிதப் பெட்டிகளை ஒட்டும் பட்டறைகளிலும் அவ்வாறே. விற்ற பொருளை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் குதிரை வண்டிகளிற் சிறுவர்கள் பனியில் நடுங்கியபடி நள்ளிரவுவரை அலைந்தனர். ஆதலால் நுகர்வோர் கழகம் வாங்குவோரிடம் விடுத்த வேண்டுகோள்கள் மிகத் திட்டவட்டமானவையாக இருந்தன. மாத முற்பகுதியில் வாங்குங்கள், அந்த நாளிலும் முற்பகலிலேயே வாங்குங்கள், சிறு பொதிகளை நீங்களே கையில் எடுத்துச் செல்லுங்கள், இரவில் வீட்டுக்கு அனுப்புமாறு கேளாதீர்கள்.

இதனைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. நத்தாருக்கு முந்தைய வாரத்திற் கடைக்குள் நுழையும் சீமாட்டி தன்னை அன்புள்ளவராகவே நினைத்துக்கொள்வார். கையில் அன்பளிப்புப் பட்டியல், மனதில் உற்றார் முகங்கள். ஆனால் அந்த அன்புக்கான விலையின் ஒரு பகுதியை அவருக்குத் தெரியாமலே பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி கால் வீக்கமாகச் செலுத்திக்கொண்டிருந்தாள். அச்சீமாட்டியைத் தீயவர் என்று கழகம் ஏசவில்லை. மூன்று வாரம் முன்னதாக வாருங்கள் என்று மட்டும் கேட்டது.

பிற்பாடு நடந்ததைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் எளிதில் ஊகிப்பர். 1910களில் வணிகர்களே இந்தச் சுலோகத்தைக் கையிலெடுத்துவிட்டனர். நேரத்துடன் வாங்குங்கள் என்பது கடை விளம்பரங்களிலும் பத்திரிகைப் பத்திகளின் அடியில் எஞ்சும் இடைவெளிகளிலும் நிறைந்தது. நல்ல பொருள் தீர்ந்துபோகும், தெரிவுசெய்யப் போதிய வகை கிடைக்கும், நெரிசல் இராது என்ற காரணங்கள் முன்னுக்கு வந்தன. சிப்பந்திகளைப் பற்றிய ஒருவரி சில விளம்பரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது, பலவற்றில் அதுவும் இல்லை. அறம் சார்ந்த ஒரு வேண்டுகோள் இவ்வளவு விரைவில் வியாபார உத்தியாக மாறியதற்கு வேறு உதாரணங்கள் உண்டெனினும், இது அவற்றில் முன்வரிசையில் வைக்கத் தக்கது.

சிக்கனம் பற்றிய பேச்சும் அதே கடைகளிலிருந்தே எழுந்தது. நியூயோர்க் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஒரு வழக்கம் இருந்தது. பண்டிகை நெருங்கியதும் மேற்பார்வையாளருக்குப் பரிசு வாங்குவதற்கென ஒவ்வொரு பெண்ணிடமும் பணம் சேர்ப்பர். மறுத்தால் வேலையில் இடைஞ்சல் வரும். எம்மவர் கந்தோர்களில் அன்பளிப்புக் கடதாசி மேசைக்கு மேசை சுற்றிவரும்போது, முன்னவர் எழுதிய தொகையைப் பார்த்துவிட்டுப் பின்னவர் எழுதும் சங்கடத்தை அறிந்தவர்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று. பெண் தொழிலாளர்கள் விடுமுறைக்கெனச் சிறுகச் சிறுகச் சேமிப்பதற்காக நடத்தப்பட்ட ஒரு நிதியத்தின் உறுப்பினர்களிடையே இந்த மனக்குறை வெளிப்பட்டது. அவர்களது சேமிப்பைத்தான் டிசெம்பர் மாதம் விழுங்கிக்கொண்டிருந்தது.

1912ஆம் ஆண்டின் இறுதியில் எலினோர் பெல்மொன்ட், வங்கியாளர் ஜே. பி. மோர்கனின் மகள் ஆன் மோர்கன் ஆகிய இருவரும் முன்னின்று 'பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்' என்பதைத் தொடக்கினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்பக்' என்று மக்கள் அழைத்தனர். முன்னாள் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டும் அதிற் சேர்ந்துகொண்டார். கஞ்சத்தனத்துக்கு ஒரு சங்கமா எனக் கேலி செய்தவர்களும் இருந்தனர். ஆனால் சங்கத்தின் கோரிக்கை, மனமுவந்து கொடுப்பதைக் கொடுங்கள், பயத்தாற் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பதே. பெருஞ்செல்வர் இருவர் ஏழைப் பெண்களுக்குச் சிக்கனம் போதிப்பதில் ஒரு முரண் இருக்கவே செய்தது. ஆயினும் குறையை முதலிற் சொன்னவர்கள் அப்பெண்களே என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. கடைச் சிப்பந்திகளின் நலனுக்காகப் பெண்கள் கெஞ்சிக் கேட்டுவந்ததை இப்போது அரசாங்கம் போரின் பெயரால் கேட்கலாயிற்று. யுத்த அமைச்சர் நியூட்டன் பேக்கர் தலைமையிலான தேசிய பாதுகாப்புப் பேரவை, 1918இல் நத்தார்ப் பரிசளிப்பையே நாடு கைவிடவேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு வந்திருந்தது. ஆளணி, மூலப்பொருள், புகையிரதப் பெட்டி எல்லாம் போருக்கு வேண்டியிருந்தன. பொம்மைக்கும் பட்டு நாடாவுக்கும் அவற்றைச் செலவிடுவது தகாது என்பது அதன் வாதம்.

இதனை எதிர்த்து வோஷிங்டனுக்குச் சென்றவர்களில் ஏ. சி. கில்பேர்ட் என்பவர் புகழ்பெற்றவர். இரும்புச் சட்டங்களைப் பொருத்திப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் 'இரெக்டர்' விளையாட்டுப் பெட்டியை 1913இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர், விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் சங்கத்தின் முதற் தலைவர். பேரவையின் முன் விளையாட்டுப் பொருள்களைப் பரப்பிவைத்துவிட்டு, நாளைய பொறியியலாளரும் படைவீரரும் இவற்றிலிருந்தே உருவாகின்றனர் என அவர் வாதிட்டாராம். கடற்படை அமைச்சர் ஜோசபஸ் டானியல்ஸ் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் தரையில் அமர்ந்து விளையாடத் தொடங்கினராம். 'நத்தாரைக் காப்பாற்றிய மனிதர்' என்ற பட்டம் கில்பேர்ட்டுக்கு ஒட்டிக்கொண்டது. இச்சம்பவத்தின் சுவையான பகுதிகள் 1954இல் வெளிவந்த அவரது சுயசரிதையிலிருந்தே பெரிதும் அறியப்படுபவை என்பதை வாசகர்கள் மனதிற் கொள்வது நன்று. விளையாட்டுப் பொருள் விற்பவர் சொன்ன கதையில் விளையாட்டுப் பொருள்கள் வெற்றிபெற்றிருப்பது இயல்பே. குழந்தைகளைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்தப் பயணத்தில் ஓர் உற்பத்தித் துறையும் காப்பாற்றப்பட்டது.

கில்பேர்ட்டின் கதையைவிடப் பேரவைக்கும் சில்லறை வணிகர்களுக்கும் இடையில் ஏற்பட்ட இணக்கமே வரலாற்று முக்கியத்துவம் உடையது. பரிசளிப்புக்கான தடை எண்ணத்தைப் பேரவை கைவிட்டது. பதிலுக்கு வணிகர்கள் சில நிபந்தனைகளை ஏற்றனர். பண்டிகைக்கென மேலதிக ஆள்களைச் சேர்ப்பதில்லை, இருக்கும் சிப்பந்திகளை வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை. நத்தார் வியாபாரம் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மூன்று மாதங்களுக்கும் பரவலாக்கப்படும். சிறு குழந்தைகளுக்கான பரிசுகள் தவிர ஏனையவை பயனுள்ள பொருள்களாக இருத்தல் வேண்டும். வாங்கியவர்கள் இயன்றவரை தாங்களே பொதிகளைச் சுமந்து செல்லவேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்துப் பாருங்கள். முற்கூட்டியே வாங்குதல், சுமந்து செல்லுதல், மேலதிக நேர வேலை வாங்காமை யாவும் நுகர்வோர் கழகம் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தவை. பயனற்ற பரிசைத் தவிர்த்தல் 'ஸ்பக்' சங்கத்தின் கோரிக்கை. பல்லாண்டுப் பிரசாரத்தால் கிட்டாதவை, பீரங்கிக்கு ஆள் வேண்டும் என்றதும் சில வாரங்களிற் கிட்டிவிட்டன.

சிக்கனத்துக்கும் அரசு ஓர் உருவம் கொடுத்தது. இருபத்தைந்து சதத்துக்கு ஒரு சிக்கன முத்திரை விற்கப்பட்டது. பதினாறு முத்திரைகளை அட்டையில் ஒட்டி, அதன்மேற் சில சதங்களையும் கட்டினால் ஒரு போர்ச் சேமிப்பு முத்திரை கிடைக்கும். 1918 ஜனவரியில் அதன் விலை 4 டொலர் 12 சதம். மாதம் ஒரு சதமாக உயர்ந்து டிசெம்பரில் 4 டொலர் 23 சதமாயிற்று. 1923 ஜனவரியில் அரசு அதற்கு 5 டொலர் திருப்பிக் கொடுக்கும். பொம்மைக்குப் பதிலாக இம்முத்திரையைப் பிள்ளைகளுக்குப் பரிசளிக்குமாறு பெற்றோர் வேண்டப்பட்டனர். நேரத்துடன் வாங்கியவருக்குச் சில சதம் இலாபம் என்ற கணக்கும் இதற்குள் இருந்தது.

கடல் கடந்து போர்முனையில் இருந்தவர்களின் விடயம் இன்னும் இறுக்கமானது. அளவுகணக்கின்றிப் பொதிகள் அனுப்பக் கப்பலில் இடமில்லை என்பதால் 1918இல் வீரர் ஒருவருக்கு ஒரே பொதி என விதிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரிச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதனை அவர் தாமே வீட்டுக்கு அனுப்பவேண்டும். அச்சீட்டு வந்துசேர்ந்த குடும்பத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஓர் அட்டைப் பெட்டியை வழங்கும். மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஒன்பது அங்குலம்: அவ்வளவுதான் அதன் அளவு. நிறையும் மூன்று இறாத்தலுக்குள் அடங்கவேண்டும். நவம்பர் 20ஆம் திகதிக்குள் அஞ்சலிற் சேர்க்கவேண்டும். பெட்டிக்குள் கடிதமோ எழுதிய துண்டோ வைக்கக் கூடாது. ஒரு தாய் தன் மகனுக்கு என்னென்ன அனுப்பலாம் என்பதை ஒரு செங்கல்லை விடச் சற்றே பெரிய பெட்டி தீர்மானித்தது. ஓரிணைக் காலுறை, கொஞ்சம் இனிப்பு, சவர்க்காரம், புகையிலை, அதற்குமேல் இடமிராது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் செப்டெம்பரில் முடிவாகி, மக்கள் ஒக்டோபரிலேயே கடைகளுக்குச் செல்லவேண்டும் என்று அறிவிக்கப்பட்டிருந்த வேளையில் இன்புளுவென்சா வந்தது. அதே நோயின் அலைகள் அவ்வாண்டு கொழும்புத் துறைமுகம் வழியாக இலங்கையையும் தாக்கின. அமெரிக்காவில் இரண்டாவது அலை பொஸ்டன் பகுதியிலிருந்து தொடங்கிற்று. செப்டெம்பர் 28ஆம் திகதி பிலடெல்பியாவில் போர்க்கடன் திரட்டும் ஊர்வலம் ஒன்றைக் காண ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வீதிகளிற் கூடினர். சில நாள்களில் நகரின் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. ஒக்டோபர் மாதத்தில் மட்டும் அமெரிக்காவில் 195,000 பேர் வரையில் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கொள்ளைநோய்க் காலம் முழுவதிலும் மாண்டோர் தொகை 675,000 எனக் கணிக்கப்படுகின்றது.

நத்தார் வியாபாரம் தொடங்கவேண்டும் என்று அரசு குறித்த மாதம், அந்நாட்டின் வரலாற்றிலேயே மரணம் மிகுந்த மாதமாக அமைந்தது. விதியின் விளையாட்டு என இதனைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆயினும் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டத்தை மூன்று மாதங்களுக்குப் பரப்புதல், ஆள் நெரிசலைக் குறைத்தல் என்பன நோய்த்தடுப்பு வழிமுறைகளும் ஆகும். போருக்கென வகுத்த திட்டம் எவரும் கருதாமலே சுகாதாரத் திட்டமாகவும் பொருந்தியது. நியூயோர்க்கின் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்ட், ஒக்டோபர் தொடக்கத்தில் இதே தத்துவத்தைத்தான் கையாண்டார். பாடசாலைகளையும் நாடக அரங்குகளையும் மூட மறுத்த அவர், கடைகளும் தொழிற்சாலைகளும் வெவ்வேறு நேரங்களில் திறந்து வெவ்வேறு நேரங்களில் மூடவேண்டும் எனக் கட்டளையிட்டார். சுரங்கப் புகையிரதங்களில் எல்லோரும் ஒரே வேளையில் முண்டியடிப்பதைத் தவிர்ப்பதே நோக்கம். சென் லூயிஸ் நகரின் ஆணையாளர் மக்ஸ் ஸ்டார்க்லோவ் கடும்போக்காளர். பொதுக்கூட்டங்களை ஒக்டோபரிலேயே தடைசெய்த அவர், நவம்பர் 9ஆம் திகதி தொடக்கம் சில நாள்களுக்கு அத்தியாவசியமற்ற கடைகளையும் மூடுவித்தார்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11ஆம் திகதி, போர் ஓய்ந்தது. மக்கள் வீதிகளில் இறங்கிக் கட்டித் தழுவினர். போருக்கென விதித்த கட்டுப்பாடுகளின் பிடி தளர்ந்தது. சிக்கனத்துக்கும் நேரத்துடன் வாங்குவதற்கும் அரசு சொன்ன காரணம் போர் மட்டுமே. ஆதலால் போர் முடிந்ததும் காரணமும் முடிந்துவிட்டதாக மக்கள் எண்ணினர். நோய் முடிந்திருக்கவில்லை. பல நகரங்களில் அது டிசெம்பரில் மீண்டும் தலைதூக்கியது.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது நன்கு பதிவாகியிருக்கின்றது. ஒக்டோபர் இறுதியிலிருந்து அந்நகரில் முகக்கவசம் கட்டாயம். நவம்பர் 21ஆம் திகதி நண்பகலிற் சங்கு ஒலித்ததும் மக்கள் அவற்றைக் கழற்றி வீதியில் வீசினர். டிசெம்பரில் நோயாளர் தொகை மீண்டும் ஏறவே, சுகாதார அதிகாரி வில்லியம் ஹஸ்லர் முகக்கவசத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றார். முகத்தை மூடிக்கொண்டு எவர் நத்தார்க் கொள்வனவுக்கு வருவார் என வணிகர்கள் முணுமுணுத்தனர். பண்டிகைக்குச் சில தினங்களுக்கு முன் ஹஸ்லருக்கு ஒரு பொதி வந்தது. அதனுள்ளே வெடிமருந்தும் ஈயக்குண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் இருந்தன. நல்வேளையாக அது வெடிக்கவில்லை. டிசெம்பர் 19ஆம் திகதி நகரசபை முகக்கவசத் தீர்மானத்தை நிராகரித்தது. நத்தார் வியாபாரம் தடையின்றி நடந்தது. ஜனவரி நடுப்பகுதியில், மரணங்கள் பெருகிய பின்னர், முகக்கவசம் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டு கழிந்து 2020இல் அதே அறிவுரை வந்தபோது அதன் முகம் மிகவும் மாறியிருந்தது. கடை மூடிவிடும், பொதி வந்துசேரத் தாமதமாகும், விரும்பிய பொருள் தீர்ந்துவிடும் என்பவையே சொல்லப்பட்ட காரணங்கள். அமேசன் நிறுவனம் வழமையாக நடுக்கோடையில் நடத்தும் தனது பெருவிற்பனையை ஒக்டோபர் 13, 14 ஆகிய திகதிகளுக்கு மாற்றியது. அதன்மூலம் நத்தார்க் கொள்வனவு ஒக்டோபரிலேயே தொடங்கிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 1918இல் பேரவை விரும்பியதும் ஒக்டோபர் தொடக்கந்தான். ஆனால் பேரவையின் நிபந்தனைகளிற் பாதி, வேலைசெய்பவரின் மணித்தியாலங்களைப் பற்றியவை. 2020இன் அறிவுரைகளில் அப்பகுதி பெரும்பாலும் காணப்படவில்லை.

வேலைசெய்பவர்கள் இல்லாமற் போய்விட்டார்களா? பெருவிற்பனைக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன், ஒக்டோபர் முதலாம் திகதி, அதே அமேசன் நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டிருந்தது. மார்ச் தொடக்கம் செப்டெம்பர் 19 வரை அமெரிக்காவில் அதன் முன்னணிப் பணியாளர்களில் 19,816 பேருக்குக் கொவிட் தொற்று உறுதியாகியோ ஊகிக்கப்பட்டோ இருந்தது. குதிரை வண்டியிற் சென்ற சிறுவனின் இடத்தில் இப்போது வானோட்டி இருக்கிறார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற பெண் நகருக்கு வெளியே சன்னலில்லாத களஞ்சியம் ஒன்றுக்குள் போய்விட்டார். வாங்குபவர் அவரைக் காண்பதில்லை. காணாத ஒருவருக்காக மூன்று வாரம் முன்னதாகக் கடைக்குச் செல்வது எவ்வாறு?

மேற்குலகின் நத்தார்ப் பரிசு வரும் பாதையில் எமது நாடும் ஒரு தரிப்பிடம். 1978இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயமும் அதன் பின் நாடெங்கும் எழுந்த தொழிற்சாலைகளும் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு ஆடை தைத்து அனுப்புகின்றன. அவற்றிற் பணிபுரியும் பெண்களிற் சிங்களக் கிராமத்தவர்களுடன், மலையகத்துப் பெண்களும் 2009க்குப் பின் வன்னியிலிருந்து சென்றவர்களும் அடங்குவர். டிசெம்பரில் ஒரு கடையில் தொங்கவேண்டிய சட்டை பல மாதங்களுக்கு முன்னரே தைக்கப்பட்டாகவேண்டும். லண்டனில் நேரத்துடன் வாங்குவது என்றால், அதற்கும் முன்னால் கட்டுநாயக்கவில் ஒருத்தி நேரத்துடன் தைத்திருக்கவேண்டும்.

2020 மார்ச்சில் மேற்குலகக் கடைகள் மூடப்பட்டதும் கொள்வனவாளர் பலர் தமது கட்டளைகளை இரத்துச் செய்தனர், அல்லது பிற்போட்டனர். நாட்டின் ஆடை ஏற்றுமதி வருமானம் 2019இல் ஏறத்தாழ 560 கோடி டொலராக இருந்து, 2020இல் 440 கோடி அளவுக்குச் சரிந்தது. ஒப்பந்த அடிப்படையில் நாட்சம்பளத்துக்கு வேலைசெய்தவர்களை அது முதலிற் பாதித்தது. கட்டளைகள் திரும்ப வரத்தொடங்கி வேலை சூடுபிடித்த வேளையில், ஒக்டோபர் 4ஆம் திகதி, மினுவாங்கொடையில் உள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு பெண்ணுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. சில நாள்களுக்குள் அத்தொழிற்சாலையுடன் தொடர்புடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயாளராகக் கண்டறியப்பட்டனர். வாடகை அறைகளில் நெருங்கி வாழ்ந்த தொழிலாளர் பலர் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயைப் பரப்பியவர்கள் என அவர்கள்மீது பழி சுமத்தியோரும் உளர். அறை கொடுக்க மறுத்தவர்கள், கடைக்குள் வரவேண்டாம் என்றவர்கள் பற்றிய செய்திகள் அந்நாட்களில் வெளிவந்தன.

மாத இறுதியில் மேல் மாகாணம் முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு அதில் விலக்களிக்கப்பட்டது. 1896இன் நியூயோர்க் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்த விலக்கும் பரிச்சயமானதாகவே தோன்றும். டிசெம்பரில் ஆலயங்களில் ஐம்பது பேருக்கு மேற் கூடாமல் நத்தார் ஆராதனை நடந்தது. ஊருக்குப் போகமுடியாத பெண்கள் பலர் அந்நாட்களில் வலயத்தைச் சுற்றியுள்ள அறைகளிலேயே தங்கியிருந்தனர். தையல் மேசைகளில் அடுத்த வசந்தகாலத்துக்கான ஆடைகள் ஏறியிருந்தன.